119 ஐத் தேடுவதா, 120 ஐத் தேடுவதா? எதை எதன்மீது மோதவிடுவது என்பதற்கு ஓர் ஒப்பீடு

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான் எடுக்கும் உயர்தர இரசாயனவியல் வகுப்பில், சில வாரங்களாகப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பாடசாலைகளுக்கு இடையிலான விவாதம் ஒன்றுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தலைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது: பாரமான அயன்களை ஆர்முடுக்கும் பொறியொன்று ஒரேயொரு வருடத்துக்கு உங்கள் பொறுப்பில் விடப்பட்டால், இதுவரை எவரும் காணாத மூலகம் ஒன்றை உண்டாக்க எந்தத் தாக்கத்தைத் தெரிவுசெய்வீர்கள்? நோர்வூட்டிலிருந்து வரும் பிள்ளைகள் 119 ஐ, அதாவது கருவில் 119 புரோத்தன் கொண்ட மூலகத்தை, பிடித்துக்கொண்டார்கள். கொட்டகலைப் பிள்ளைகள் 120 ஐ விடமாட்டோம் என்கிறார்கள். பண்டாரவளையில் படிப்பிக்கும் நண்பர் ஒருவரும் தன் மாணவர்கள் இதே இடத்தில் சிக்கி நிற்பதாகத் தொலைபேசியில் சொன்னதால், தனித்தனியே விடை சொல்வதைவிட எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

ஆவர்த்தன அட்டவணையின் ஏழாம் வரிசை இன்று நிறைந்திருக்கிறது. 113, 115, 117, 118 ஆகிய நான்கு மூலகங்கள் 2015 டிசம்பரில் அங்கீகரிக்கப்பட்டு, 2016 நவம்பரில் நிகோனியம், மொஸ்கோவியம், தெனசின், ஒகனெசன் எனப் பெயர் பெற்றன. எட்டாம் வரிசையின் முதல் இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. 119 சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கூட்டத்திலும், 120 மக்னீசியம், கல்சியம் ஆகியவற்றின் கூட்டத்திலும் சேரவேண்டியவை.

## முதலில் அளவுகோல்கள்

பிள்ளைகள் வழக்கமாக ஒரே அளவுகோலுடன் வருகிறார்கள்: எந்தத் தாக்கத்துக்கு நிகழ்தகவு கூட? இது நியாயமான கேள்விதான், ஆனால் விடை நிச்சயமில்லாதது. இணைவுக்கான நிகழ்தகவைக் குறிக்கும் குறுக்குவெட்டுக்குக் கோட்பாட்டாளர்கள் தரும் எதிர்வுகூறல்கள் ஒன்றுக்கொன்று பத்து மடங்கும் அதற்கு மேலும் வேறுபடுகின்றன. ஆகவே நிச்சயமாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு மூலகத்தின் அயன்களைக் கற்றையாக ஏவி, இலக்காக வைத்த இன்னொரு மூலகத்தின் கருக்களோடு இணையச் செய்வதே இங்கே தாக்கம்; இரண்டின் புரோத்தன்களும் கூடிப் புதிய மூலகத்தின் எண்ணைத் தரும். இலக்கு எதனால் ஆனது, அது எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்பது முதலாவது. கற்றைக்குத் தேவையான சமதானி (ஒரே மூலகத்தின், நியூத்திரன் எண்ணால் வேறுபடும் வகை) இயற்கையில் எவ்வளவு உண்டு, அதைச் செறிவான கற்றையாக்க முடியுமா என்பது இரண்டாவது. குறுக்குவெட்டு மூன்றாவது. நான்காவதைப் பிள்ளைகள் முற்றாக மறந்துவிடுகிறார்கள்: ஓர் அணு வந்துவிட்டால், அது நாம் நினைக்கும் அணுதான் என்று எப்படி நிரூபிப்பது? புதிய கரு அல்பாத் துணிக்கைகளை ஒவ்வொன்றாக உமிழ்ந்து படியிறங்கும்போது, ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு கருவில் வந்து சேர்ந்தால் மட்டுமே அந்தச் சிதைவுச் சங்கிலியைக் கட்ட ஒரு முளை கிடைக்கிறது. 1999 இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுகூடத்தில் 118 கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 2001 இல் அந்த அறிவிப்பே மீளப்பெறப்பட்டதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். ஐந்தாவது, உங்களுக்கு வேண்டியது அடுத்த கட்டத்தை நிரப்பும் பெருமையா, அல்லது 114 புரோத்தன், 184 நியூத்திரன் என்ற எண்களைச் சுற்றி இருப்பதாகக் கருதப்படும், கருக்கள் கூடுதல் காலம் நிலைக்கும் உறுதித் தீவுக்கு நெருங்கிச் செல்வதா என்பது.

மூன்றாவது அளவுகோலை மழைக்கு மின்சாரம் நின்றுபோன ஒரு காலையில் கரும்பலகையிலேயே கணக்காகப் போட்டோம். ஒரு சதுரச் சென்ரிமீற்றரில் அரை மில்லிகிராம் தடிப்பில் கூரியம் பூசினால், அதில் ஏறத்தாழ 1.2 × 10¹⁸ அணுக்கள் இருக்கும். கற்றையில் செக்கனுக்கு 6 இலட்சம் கோடி அயன்கள் வருகின்றன என்று கொள்வோம். குறுக்குவெட்டு ஒரு பிக்கோபார்ன் என்று வைப்போம்; அது 10⁻³⁶ சதுரச் சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கி, ஒரு நாளில் உள்ள 86,400 செக்கன்களாலும் பெருக்கினால், நாளொன்றுக்கு 0.62 அணு வருகிறது. உண்டானவற்றில் பாதியே உணரிக்கு வந்து சேரும் என்று வைத்தால் 0.31, அதாவது மூன்று நாட்களுக்கு ஓர் அணு. குறுக்குவெட்டு நூறில் ஒரு பங்காகி 0.01 பிக்கோபார்னுக்கு இறங்கினால், ஓர் அணுவுக்கு 320 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். உங்கள் கையிலுள்ள முழு வருடமும் அதிலேயே போய்விடும்.

தாய் கொழுந்து பறிக்கும் ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "கொழுந்தே இல்லாத மலையில நாள் முழுக்க நெரை புடிச்சு நின்ன மாதிரி, சேர்" என்றாள். மிகையல்ல. யப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் கொசுகே மொரிட்டாவின் குழு, 113 க்காக நாகம் என்ற உலோகத்தைப் பிஸ்மத்தின்மீது 2003 முதல் 2012 வரை மொத்தம் 553 நாட்கள் மோதவிட்டுக் கண்டது மூன்றே மூன்று அணுக்கள். 2004 இல் ஒன்று, 2005 இல் ஒன்று, பிறகு ஏழு வருடங்கள் ஒன்றுமில்லை, 2012 இல் மூன்றாவது. அறியப்பட்ட கருக்கள் வரை ஐயத்துக்கிடமின்றி இறங்கிக் காட்டி, வழக்கை வென்று கொடுத்தது அந்த மூன்றாவது சங்கிலிதான்.

## கல்சியம் 48: பழைய வழி

114 முதல் 118 வரை எல்லாவற்றையும் தந்த கற்றை இதுவே. 20 புரோத்தன், 28 நியூத்திரன் என்று இரண்டுமே கருவுக்குத் தனி உறுதி தரும் மாய எண்களாக அமைந்து இறுக்கமான கருவாக இருப்பதால், இணைந்த பின் உண்டாகும் கூட்டுக்கரு அதிகம் சூடேறாமல் தப்புகிறது. இயற்கைக் கல்சியத்தில் 0.19 சதவீதமே இது என்பதால் விலை அதிகம். ஆனாலும் அது தாங்கக்கூடிய செலவு.

இந்த வழி அடைபடுவது இலக்கில்தான். கல்சியத்தின் 20 உடன் 119 ஆக வேண்டுமானால் 99 ஆம் மூலகமான ஐன்ஸ்டைனியம் வேண்டும். 276 நாட்களில் பாதியாகும் ஐன்ஸ்டைனியம் 254 உலகத்தில் கிடைப்பது மைக்கிரோகிராம் கணக்கில். 2021 இல் வெளியான அதன் இரசாயன ஆய்வொன்று 250 நனோகிராமுக்கும் குறைந்த அளவைக் கொண்டே செய்யப்பட்டது; நமக்கோ மில்லிகிராம்கள் வேண்டும். 1985 இல் பெர்க்லியில் இதை முயன்றார்கள், அணு எதுவும் வரவில்லை. அவர்களால் எட்ட முடிந்த உணர்திறன் எல்லை 3 இலட்சம் பிக்கோபார்ன். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால், அது தேடலாகவே கணக்கில் வராது. விவாதத்தில் யாராவது இதைப் பிடித்தால் ஒரே கேள்வி போதும்: இலக்கு எங்கே?

## தைத்தானியம் 50: பெர்க்கிலியத்தின்மீதா, கலிபோர்ணியத்தின்மீதா?

தைத்தானியம் 50 இலும் நியூத்திரன்கள் 28. ஆனால் புரோத்தன் 22 மாய எண் அல்ல. இந்தக் குறை எவ்வளவு இழப்பைத் தரும் என்பது நெடுங்காலமாக ஊகமாகவே இருந்தது. 2024 ஜூலையில் பெர்க்லி ஆய்வுகூடத்தில் ஜக்லின் கேற்ஸ் தலைமையிலான குழு, தைத்தானியத்தைப் புளூட்டோனியம் 244 மீது மோதவிட்டு 22 நாட்களில் 116 ஆம் மூலகமான லிவர்மோரியத்தின் இரண்டு அணுக்களைக் கண்டதாக அறிவித்தபோதுதான் அது எண்ணாக மாறியது: 0.44 பிக்கோபார்ன். நம் கரும்பலகைக் கணக்கில் அதையே இட்டுப் பார்த்தால் 22 நாட்களுக்கு மூன்று அணு என வருகிறது. இரண்டு கண்டார்கள். கணக்கு அவ்வளவு மோசமில்லை என்று பிள்ளைகளுக்கு அன்று நம்பிக்கை வந்தது.

இந்தக் கற்றையின் மறைமுகச் செலவு அயன் மூலத்தில் இருக்கிறது. தைத்தானியத்தை ஆவியாக்கச் சிற்றுலை ஒன்றை ஏறத்தாழ 1650 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் தளம்பாமல் வைத்திருக்க வேண்டும். நூறு பாகையை அண்டிய வெப்பத்தில் ஓடும் தேயிலைத் தொழிற்சாலை உலர்த்தியையே சீராக வைத்திருப்பது எவ்வளவு பாடு என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தைத்தானியம் 50 இயற்கையில் சுமார் 5 சதவீதமே என்பதால் செறிவூட்டலும் தேவை.

இலக்கு பெர்க்கிலியம் 249 என்றால் 119 கிடைக்கும். ஆனால் அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 330 நாட்கள். உங்கள் ஒரு வருடம் முடியுமுன்னரே பாதிக்கு மேல் போய்விடும். 117 க்காக அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் 250 நாட்கள் கதிர்வீச்சுக்கு உள்ளாகி, 90 நாட்கள் சுத்திகரிக்கப்பட்ட 22 மில்லிகிராம் பெர்க்கிலியம், 2009 இல் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டபோது சுங்கக் கடதாசிகள் சரியில்லை என்று திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, அத்திலாந்திக்கை ஐந்து தடவை கடந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அது சிதைந்துகொண்டே இருந்தது. 2022 க்குப் பிறகு அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கும் ரஷ்யாவின் டுப்னா ஆய்வுகூடத்துக்கும் இடையிலான ஒத்துழைப்பும் நின்றுபோனதால், யாருடைய உலையில் விளைந்த இலக்கு யாருடைய பொறிக்குப் போகும் என்பதும் இன்று ஓர் அளவுகோல். ஜேர்மனியின் டார்ம்ஸ்ரட்டில் 2012 இல் நான்கு மாதங்களுக்கு மேல் இதே பெர்க்கிலியத் தாக்கத்தை ஓட்டி ஒன்றும் காணாமல், குறுக்குவெட்டு 0.065 பிக்கோபார்னுக்குக் குறைவு என்ற எல்லையை மட்டும் எழுதிவைத்தார்கள்.

இலக்கு கலிபோர்ணியம் 249 என்றால் 120. அரைவாழ்வுக்காலம் 351 வருடங்கள், அந்தக் கவலையே இல்லை. பெர்க்கிலியம் 249 சிதைந்து மாறுவதும் இதுவாகவேதான். ஒருவர் இழப்பது மற்றவருக்கு வரவு. பெர்க்லி அடுத்துக் குறிவைத்திருப்பதும் இந்தத் தாக்கத்தைத்தான்; 116 க்கு எடுத்ததைப்போல் சுமார் பத்து மடங்கு காலம் எடுக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. ஆனால் நான்காவது அளவுகோலில் இது சறுக்குகிறது. கூட்டுக்கரு மூன்று நியூத்திரன்களை இழந்தால் திணிவெண் (புரோத்தன், நியூத்திரன் மொத்தம்) 296 உள்ள 120 உண்டாகும். அது இதுவரை காணப்படாத ஒகனெசன் 292 ஆகி, பிறகே லிவர்மோரியம் 288 க்கு வரும். அந்த லிவர்மோரியமே 2023 இல்தான் முதன்முதலாகக் காணப்பட்டது. நான்கு நியூத்திரன்களை இழந்தால் சங்கிலி தெரிந்த இடம் எதிலும் இலகுவில் கால்வைக்காது.

## வனேடியம் 51, கூரியம் 248 மீது

2018 முதல் ரிக்கென் கட்டிக்கொண்டிருக்கும் வழி இது. இடையில் நேர்கோட்டு ஆர்முடுக்கியையே மீக்கடத்தி முறைக்கு மாற்றி, 2020 இல் மீண்டும் தொடங்கினார்கள். நோர்வூட் அணிக்கு நான் காட்டிய ஒரு விடயம் அவர்களை உட்காரவைத்தது: 51 உம் 248 உம் சேர்ந்தால் 299; 50 உம் 249 உம் சேர்ந்தாலும் 299. அதாவது வனேடியத்தைக் கூரியத்தின்மீது மோதவிட்டாலும், தைத்தானியத்தைப் பெர்க்கிலியத்தின்மீது மோதவிட்டாலும், உண்டாகும் கூட்டுக்கரு ஒன்றேதான். வித்தியாசம் வாசலில் மட்டுமே. உள்ளே போகும் வாசல் வனேடியத்துக்குக் கொஞ்சம் ஒடுக்கம் என்பது பொதுவான கருத்து. எவ்வளவு ஒடுக்கம் என்பதில் உடன்பாடு இல்லை.

ஆனால் இலக்கைப் பாருங்கள். கூரியம் 248 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் வருடங்கள். இன்று பூசிய இலக்கு, பழுதடையாவிட்டால், பத்து வருடங்கள் கழித்தும் அப்படியே இருக்கும். வனேடியமோ இயற்கையில் 99.75 சதவீதம் இதே சமதானிதான். செறிவூட்டும் செலவே இல்லை. சங்கிலியும் நன்று: 119 இலிருந்து இறங்கும்போது தெனசின் 291 அல்லது 292 என்ற ஒரேயொரு தெரியாத படியைக் கடந்தால், டுப்னாவில் 2003 இலேயே காணப்பட்ட மொஸ்கோவியம் 287 அல்லது 288 க்கு வந்துவிடலாம். புரோத்தன் எண் ஒற்றையாக இருப்பதால் தன்னிச்சையான பிளவு (கரு தானாகவே உடைவது) பின்தள்ளப்படுகிறது என்பது கூடுதல் இலாபம்.

குறை ஒன்றுதான், அது பெரியது: பொறுமை. ஒரு வருடத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழி பொருந்தாது. பத்து வருடங்களுக்கு ஒரே பொறியை ஒரே வேலைக்கு விட்டுவைக்கக்கூடிய நிறுவனத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

## குரோமியம் 54, கூரியம் 248 மீது

இதே நீடித்த கூரியத்தோடு 24 புரோத்தன் கொண்ட குரோமியத்தைச் சேர்த்தால் 120. கூட்டுக்கருவின் திணிவெண் 302. நான்கு நியூத்திரன்கள் போனால் 298. அது ஓர் அல்பாத் துணிக்கையை உமிழ்ந்தவுடன் ஒகனெசன் 294 க்கு வந்துவிடும். ஒகனெசனில் உறுதியாக அறியப்பட்டது அந்தச் சமதானிதான். ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த அதன் வாழ்நாளும், அதற்குக் கீழேயுள்ள படிகளும் எழுதிவைக்கப்பட்டவை. நிரூபணம் என்ற ஒன்றில் மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்கே.

நியூத்திரன் எண்ணும் 178. தைத்தானிய வழியின் 176 ஐவிட இரண்டு கூட. ஆனால் 184 இன்னும் தூரத்தில்தான்.

குறுக்குவெட்டில் அடி விழுகிறது. டுப்னாவில் 2023 இல் குரோமியத்தை யுரேனியம் 238 மீது மோதவிட்டு லிவர்மோரியம் 288 ஐக் கண்டதே குரோமியக் கற்றை வேலைசெய்யும் என்பதற்குச் சான்று. எனினும் நிகழ்தகவு தைத்தானியத்தினதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. டார்ம்ஸ்ரட்டில் 2011 இல் இதே குரோமியம், கூரியம் சோடி முயலப்பட்டது. உறுதியான நிகழ்வு எதுவும் இல்லை. இப்போது டுப்னாவிடம் 2019 இல் திறக்கப்பட்ட, மிகச் செறிவான கற்றை தரும் புதிய சைக்கிளோத்திரன் இருக்கிறது. கற்றையின் பலத்தால் குறுக்குவெட்டின் வறுமையை ஈடுசெய்யக்கூடியவருக்கே இந்தத் தெரிவு.

கரும்பலகையின் மூலையில் பிள்ளைகள் வரைந்துவைத்த அட்டவணை இது:

| தாக்கம் | மூலகம் | இலக்கின் அரைவாழ்வு | கற்றைச் சமதானி இயற்கையில் | சங்கிலி அறியப்பட்ட கருவில் சேர |
|---|---|---|---|---|
| தைத்தானியம் 50 + பெர்க்கிலியம் 249 | 119 | 330 நாள் | 5% | இரண்டு படி |
| தைத்தானியம் 50 + கலிபோர்ணியம் 249 | 120 | 351 வருடம் | 5% | இரண்டு படி, அல்லது சேராது |
| வனேடியம் 51 + கூரியம் 248 | 119 | 3.5 இலட்சம் வருடம் | 99.75% | இரண்டு படி |
| குரோமியம் 54 + கூரியம் 248 | 120 | 3.5 இலட்சம் வருடம் | 2.4% | ஒரு படி |

## பாரமான கருக்களை உரசவிடுவது

யுரேனியம் 238 ஐக் கூரியம் 248 மீது ஏவி, இரண்டும் முழுமையாக இணையாமல் புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் கைமாற்றிக்கொண்டு பிரியச் செய்வது இன்னொரு வழி. நியூத்திரன் மிகுந்த கருக்களை இணைவினால் அடைய முடியாததால், உறுதித் தீவே இலக்கு என்பவர்களுக்கு இதுதான் கொள்கையளவில் சரியான பாதை. ஆனால் விளைவுகள் எல்லாப் பக்கமும் சிதறுகின்றன. பொகவந்தலாவையில் மாணிக்க மண்ணைக் கூடையில் கழுவுகிறவருக்குக் கல் நடுவில் வந்து சேரும் என்ற நிச்சயமாவது உண்டு. இங்கே கூடை எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாது. ஒரு வருடத்தில் புதிய மூலகம் கேட்பவர் இதைத் தொடவேண்டாம்.

## பாறையில் தேடுவது

விவாதத்தில் எதிரணி எழுப்பக்கூடிய கேள்வி இது, ஏனென்றால் நம் மலைகளின் தெற்குச் சரிவுக்கு இதில் ஒரு பழைய உரிமை இருக்கிறது. கலை வரலாற்றாசிரியராகவே நாம் அறிந்திருக்கும் ஆனந்த குமாரசாமி, கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்தபோது, பலாங்கொடைப் பகுதிச் சரளையிலிருந்து கிடைத்த கறுத்த, பாரமான, சிறிய கனசதுரக் கற்களை 1904 இல் வெளிக்கொணர்ந்தார். தோரியனைற்று என்று பெயர்பெற்ற அந்தக் கனிப்பொருளிலிருந்துதான், இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஒட்டோ ஹான் 1905 இல் ரேடியோதோரியத்தைப் பிரித்தெடுத்தார். அது தோரியத்தின் 228 ஆம் சமதானி என்பது பின்னால் விளங்கியது. பாறையில் புதியது கிடைக்கும் என்ற நம்பிக்கை வெறும் கனவல்ல.

செலவும் குறைவு. ஆனால் நிபந்தனை கடுமையானது: பூமி உண்டானதிலிருந்து 450 கோடி வருடங்களுக்குத் தப்பிப் பிழைக்க, அந்தக் கருவின் அரைவாழ்வுக்காலம் குறைந்தது கோடிக்கணக்கான வருடங்களாவது இருக்கவேண்டும். நாம் அறிந்த மீப்பாரமான கருக்களோ பெரும்பாலும் செக்கன்களிலும் மில்லிசெக்கன்களிலும் மறைகின்றன. 1976 இல் மடகஸ்கார் மைக்காவில் 116, 126 போன்றவை இருப்பதாக எழுந்த அறிவிப்பு, வேறு சாதாரணக் காரணத்தால் விளக்கப்பட்டது. 2008 இல் தோரியத்திலேயே 122 இருப்பதாகச் சொல்லப்பட்டதை, அதைவிட நுண்ணிய அளவீடுகள் காணவில்லை. மேசையும் கனிப்பொருளும் மட்டுமே உள்ளவருக்கு இது நல்ல பயிற்சி. வருடமும் பொறியும் உள்ளவருக்கு வீண்.

## என் தீர்ப்பு

ஒரு வருடம் என்ற நிபந்தனை மாறாதது என்றால், கலிபோர்ணியத்தின்மீது தைத்தானியம். இலக்கு நிலைக்கிறது, குறுக்குவெட்டுக்கு அடுத்த வீட்டு அளவீடு ஒன்றாவது இருக்கிறது. 116 இனதில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டு 0.04 பிக்கோபார்ன் எடுத்தால், கணக்கின்படி 365 நாட்களில் நான்கைந்து அணுக்கள். பல அணுக்கள் ஒரேமாதிரி இறங்கினால், முளையில்லாத சங்கிலியின் குறையும் ஓரளவு ஈடாகும். வருடக் கட்டுப்பாடு இல்லையென்றால் நோர்வூட்டின் பக்கம்தான் நான்: வனேடியமும் கூரியமும்.

கொட்டகலைப் பிள்ளைகள் போன வாரம் ஒரு சமரசம் கொண்டுவந்தார்கள்: எட்டு மாதம் தைத்தானியம், மிச்ச நான்கு மாதம் குரோமியம், நிரூபணத்துக்காக. அதையும் கரும்பலகையில் போட்டோம். குரோமியத்தின் குறுக்குவெட்டு இன்னும் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், நான்கு மாதத்துக்கு 0.15 அணு. அந்த நான்கு மாதத்தைத் தைத்தானியத்துக்கே விட்டால் 1.5. சுண்ணக்கட்டியைக் கையில் வைத்திருந்த பிள்ளை இரண்டு எண்களையும் சிறிதுநேரம் பார்த்துவிட்டு, குரோமியம் என்ற சொல்லை மட்டும் அழித்தாள்.